இருந்தால்

பையில் இரண்டு தாள் கொண்டுபோனேன்.
ஒன்று வருத்தம், ஒன்று வக்கீல் நோட்டீஸ்.
இரண்டையும் எங்கள் வடபழனி ஆபீசில்
ஒரே ஆள்தான் எழுதியிருந்தார்,
ஒரே மதியத்தில்.

ராணிப்பேட்டை வந்ததும் டிரைவர்
கேட்காமலே கண்ணாடியை ஏற்றினார்.
"தோல் ஷாப் சார்" என்றார்.
தேங்க்ஸ் சொன்னேன்.

வேலூர், காந்தி ரோடு.
வங்காளி எழுத்துப் பலகைகளுக்குக் கீழே
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் சலோமி.
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை.
காலையிலிருந்து நூற்றுப் பதினெட்டுக் கை பார்த்தாளாம்.
என் முழங்கை மடிப்பையும் ஒரு பார்வை பார்த்து
"நல்ல நரம்பு உங்களுக்கு" என்றாள்.

முதல் தாளை நீட்டினேன்.
அறியாத வயதில் நடந்த சிறு நிகழ்வால்
எவர் மனமேனும் புண்பட்டிருந்தால்
வருந்துகிறோம்.

இருமுறை வாசித்தாள்.
"எவர்னா? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்.
இருந்தால்னா?
இருந்துச்சு சார்."

எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
அவள் அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை.
சலோமி வகுப்பில் நுழைகிறபோதெல்லாம்
எங்கள் தாரா
(அன்றைக்குத் தாரகேஸ்வரி, முதல் பெஞ்ச்)
கைக்குட்டையை மூக்கில் வைத்து
ஒரு ராகம் இழுப்பாளாம்.
உடனே நாற்பத்தோரு கைக்குட்டை மேலே போகும்.
இல்லாத பையன்கள்
சட்டைக் காலரைத் தூக்கிக்கொள்வார்கள்.
"கணக்கு மிஸ் சிரிச்சாங்க.
அவங்களுக்கும் ஒரு பேப்பர் கொண்டாந்திருக்கீங்களா?"
பிறகு, கேட்காமலே சொன்னாள்:
"அப்பவே குரல் நல்லாருக்கும் அவளுக்கு."

ஐந்து பெண்கள், ஐந்து நிறம், எங்கள் குழு.
தாராவின் அடையாளம்
மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கைக்குட்டை.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
தீபாவளிக்கு மட்டும் பதினோராயிரம் விற்றோம்.
யார் கொடுத்த யோசனை அது?
தாராவினுடையதாக இருக்கக் கூடாதே என்று
டீ ஆறும்வரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

பணம் வேண்டுமா என்று கேட்டேன்.
அதைக் கேட்பதுதான் என் வேலை.
குழுவிலிருந்து அவளை நீக்கினால் சரியா என்றேன்.
"எதுக்கு?
ஊரே இப்ப அவளப் பாத்து மூக்கப் பொத்தவா?"

தெருவில் ஒரு கிழவரைச்
சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.
அவரைப் பார்த்தபடியே பேசினாள்.
"இவங்களுக்கு நம்ம பாஷை வராது.
குத்துறதுக்கு முன்னாடி 'எக்டு லாக்பே'ன்னு சொல்லுவேன்.
கொஞ்சம் வலிக்கும்னு அர்த்தம்.
வலிக்காதுன்னு சொல்லிட்டுக் குத்தினா
அடுத்த தடவ கையே நீட்ட மாட்டாங்க.
உங்க கம்பெனி
குத்துப்பட்டவளக் கேக்காமலே
வலிக்கவே இல்லன்னு அறிக்கை விட்டுருச்சு."

உண்மைதான்.
அவள் எழுதிய பன்னிரண்டாம் மணி நேரத்தில்
'ஆதாரமற்ற அவதூறு' என்று அறிவித்தோம்.
'அப்படி ஒருவரைத் தாராவுக்கு நினைவில்லை' என்றும்.
தாராவை நாங்கள் கேட்டதே மறுநாள்தான்.
யாரென்று சொல்லும் முன்பே
"சலோமியா?" என்றாள்.
அப்புறம் அன்று முழுக்கப் பேசவில்லை.

இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
சொன்னேன்.

சலோமி காலி கிளாஸைக்
கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.
"பேரு ஞாபகம் இருக்கா அவளுக்கு?"
எழுந்துகொண்டாள். மதிய ஷிப்ட்டுக்கு ஆள் குறைவாம்.
"வரச் சொல்லுங்க. அவ மட்டும்.
கேமரா வேணாம். நீங்களும் வேணாம்."

திரும்பும் வழியில்
நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதினேன்:
முதலில் இருவரையும் கேட்க வேண்டும், தனித்தனியாக, வக்கீல் இல்லாமல்.
தெரியும்வரை 'தெரியாது' என்றே சொல்ல வேண்டும்.
மஞ்சள் கைக்குட்டை விற்பனையை இன்றே நிறுத்த வேண்டும்.
அந்த நாற்பத்தொரு பேரை

என்று தொடங்கியபோது
ராணிப்பேட்டை வந்துவிட்டது.
கண்ணாடி ஏறியது.
பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.
இறக்கச் சொல்லவில்லை.