பெயர்ச்சொல்

அதிகாலை நாலரை. துவார்னனே ஏலக்கூடத்தில்
எல்லாப் பெட்டிக்கும் விலை விழுந்தது,
துதுவல் கிவர்'ஹ் கொண்டுவந்த மத்திக்கு மட்டும் இல்லை.
திரையில் ஒரே வரி: தொடரில் பிழை.
பனிக்கட்டி உருகி
என் காலணிக்குள் போய்க்கொண்டிருந்தது.

யோவென் எழுதிவைத்துப் போன நிரல்.
படகைக் கேட்டால் ஒரு துண்டு,
மீன் வகையைக் கேட்டால் இன்னொரு துண்டு.
எதுவுமே கேட்காவிட்டாலும் வாக்கியம் நிற்க வேண்டுமே என்று
முதலிலேயே ஓர் ஆணி அடித்திருந்தான்:
ஒன்று ஒன்றுக்குச் சமம்.
மறுக்க ஆளில்லாத உண்மை.
அதில்தான் மற்றும், மற்றும் என்று எல்லாவற்றையும் மாட்டியிருந்தான்.
அதே உண்மையை 'அல்லது' போட்டு எவனாவது தட்டினால்
துறைமுகத்தின் கணக்கு முழுவதும் வாய் திறக்கும்.
ஒன்பது வருடம் யாரும் தட்டவில்லை.
இங்கே எல்லோருக்கும் மீன் வேலையே சரியாக இருக்கிறது.

கிவர்'ஹ் என்பதன் நடுவே தொங்கும் அந்தக் கொசுறுக் கோடு
எழுத்தில் சேர்த்தியில்லை,
ஆனால் திறந்த மேற்கோளை அங்கேயே மூடிவிடுகிறது.
மிச்சமிருக்கும் 'ஹ்' வெளியே வந்து
கட்டளைபோல் நிற்கிறது,
என்ன ஏவுவதென்று தெரியாமல்.
பெயர்ச்சொல்லை வினைச்சொல்லாக்கிய பாவம்.

"அந்தக் கோட்டை எடுத்துவிடட்டுமா?" என்றேன்.
"படகிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
சுரண்டிவிட்டு வரவா?" என்றார்.

சரி. உட்கார்ந்தேன்.
பெயர் வரும் இடமெல்லாம் ஒரு கேள்விக்குறி.
வாக்கியம் முன்னால் போகும்,
பெயர்கள் தனி வண்டியில் பின்னால்.
எத்தனை துண்டு ஒட்டினேனோ அத்தனை பேர், அதே வரிசையில்.
முதல் ஓட்டத்தில் ஒரு இருக்கை பிசகி
துதுவல் மீன் வகையானார்,
மத்தி படகோட்டியது.
மூன்று மீன் கேட்டால் மூன்று குறி.
ஒன்றும் கேட்காதவனுக்கு வெறும் அடைப்பு,
அது தனிப் பஞ்சாயத்து.
எதன்படி அடுக்குவது என்பது மட்டும் வண்டியில் ஏறாது.
விலை, எடை, நேரம் என்று என் கையாலேயே எழுதி
நாலாவது சொல்லுக்குக் கதவைச் சாத்தினேன்.

ஆறு பத்து. அவர் பெயரைத் தட்டினேன்.
கோடு அப்படியே உள்ளே போய்
அப்படியே வெளியே வந்தது.
முப்பத்தொரு பெட்டி.
வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள்.
கிலோவுக்கு நாற்பது சென்ட் குறைவு.

திரையை ஒருமுறை உதடசைத்துப் படித்தார் துதுவல்.
பிறகு கேட்டார்,
இரண்டு மணி நேரப் பனிக்கட்டிக்கு
யார் காசு கொடுப்பது என்று.