முப்பத்தொரு குப்பிகள்

நாரின் ஆற்றுக்கு மேலே பனி இன்னும் கலையவில்லை.
பள்ளிக்கூட வராந்தாவில் முப்பத்தொரு குப்பிகள்,
மூடியில் எண் மட்டும், பெயர் கிடையாது.
பதினேழாம் எண்காரன் வெறுங்குப்பியோடு நிற்கிறான்.
"வரவில்லை, பயமாக இருக்கிறது."
குழாயைத் திறந்துவிட்டேன்.
தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் வந்தது.

பிஷ்கெக்குக்குப் போகும் ஐஸ் பெட்டியில்
டிரைவர் ஜூமாகாதிர்
தன் குமிஸ் பாட்டிலையும் செருகப் பார்த்தான்.
புறங்கையில் ஒன்று வைத்தேன்.

சமையல்காரி சாபிரா வந்தாள்.
வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப்.
"என்னுடையதையும் எடு.
எனக்கு அயோடின் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்."

சொல்ல முடியாது சாபிரா.
ஒருத்தியின் சிறுநீர்
நேற்று அவள் தின்ற மீனைச் சொல்லும்,
முந்தாநாள் தின்னாத முட்டையைச் சொல்லும்,
அவளைச் சொல்லாது.
முப்பது பேர், நூறு பேர் சேர்ந்து பெய்தால்தான்
ஊர் வாயைத் திறக்கும்.

"அப்படியென்றால் ஜூன் மாதத்தில்
நான் மூன்று கம்பளி போர்த்திக்கொள்கிறேனே,
அது ஊருக்குக் குளிருகிறதா?"

என்னிடம் பதில் இல்லை.
ஊசி இருந்தது.

மாவு காய்ந்த முழங்கையை நீட்டினாள்.
மூன்றாவது குத்தலில் இரத்தம் வந்தது,
அதுவும் யோசித்து யோசித்து.
தாளில் எழுதினேன்: டி.எஸ்.எச்., ஃபெரிட்டின், செலினியம்.
விலையைக் கேட்டதும்
செலினியத்தை அவளே பேனாவை வாங்கி அடித்தாள்.

ஒன்பது நாள் கழித்து வந்தது.
ஃபெரிட்டின் ஆறு.

"ஆறு நல்லதா?"
மாவுப் பானையில் கரண்டி அடியைத் தட்டுகிற சத்தம்தான் ஆறு.
"மாவில்லையென்றால் ரொட்டியில்லை, சரி.
இரும்பில்லையென்றால் கழுத்துக்கு என்ன?"
அடுப்பு இருக்கிறது, விறகு அடுக்கியிருக்கிறது,
தீக்குச்சி ஈரம்.
அவளுக்குப் புரிந்தது; அடுப்புக்காரிதானே.

தைராய்டு மாத்திரை போடுகிறாயா?
"போடாமல்?"
எதோடு?
"டீயோடு."
இரும்பு மாத்திரை தந்தால் அது எதோடு?
சிரித்துவிட்டாள்.
இந்த ஊரில் டீ என்பது
தண்ணீருக்கு இன்னொரு பெயர்.
மாத்திரைக்கு வெறும் தண்ணீர் என்றால்
யாரோ செத்த வீடு என்று நினைப்பார்கள்.
இரண்டையும் ஒன்றாக விழுங்காதே,
நடுவில் நாலு மணி நேரம் விடு என்றேன்.
நாலு விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாக அவள் சமையலறை உப்பு.
சாக்கு வாயைத் திறந்தபடி அடுப்போரம் கிடந்தது,
மேலே அயோடின் கலந்தது என்று பெரிய எழுத்து.
தட்டில் ஒரு சிட்டிகை. ஒரு சொட்டு.
ஊதா வரவேண்டும்,
நோட்டுப் புத்தகத்தில் மை ஊறுவதுபோல.

இன்னொரு சொட்டு.
உப்பில் உப்பு இருந்தது. அவ்வளவுதான்.

சாபிரா உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.
"பதினாலு வருஷம். இருநூறு பிள்ளைகள்.
நான்தானா?"
நெருப்புச் சூடாக இருக்கலாம்,
ஈரமாக இருக்கலாம்,
சாக்கில் எழுதினவன் பொய்யாக இருக்கலாம் என்றேன்.
ஸ்கார்ஃபை அவிழ்த்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.
அவள் கழுத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

இரவு, வீட்டில்,
மகள் பெகிமாய் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறாள்.
யார் விழுங்கினாலும் தொண்டையைப் பார்ப்பது
எனக்குத் தொழிலில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம்.
எல்லோரையும் பார்த்திருக்கிறேன்.
இவளை எப்போது பார்த்தேன்?

சட்டைப்பையில் சொட்டுக் குப்பி இருந்தது.
அலமாரியில், என் வீட்டுக்காரனுக்குப் பிடித்த மலை உப்பு,
வெளிறிய ரோஜா நிறம், ருசிக்காகவே
நானே தேடி வாங்குவது.
ஒரு கட்டியை உடைத்தேன்.

சொட்டு விழுந்தது.
ரோஜா நிறம் ரோஜா நிறமாகவே இருந்தது.

"என்ன, சூப்பில் உப்புக் குறைவா?"
அறையிலிருந்து கேட்டான் அசன்பெக்.

இல்லை என்றேன்.
உப்பு சரியாகத்தான் இருக்கிறது.