சிலாபச் சந்தி

வெள்ளவத்தை ஃபிளாட்டின் கீழே
கார்ப் பாய்களை உதறுகிறேன்.
செம்மண்.
காவலாளி குணபால எட்டிப் பார்த்து
"யாழ்ப்பாணமா, மிஸ்?" என்கிறார்.
இல்லை.

சிலாபத்தில் மச்சாள் வீடு குடிபூரல்,
எட்டரைக்குச் சுபநேரம்.
பின்சீட்டில் பரிசுச் சுவர்க்கடிகாரம்.
கடைக்காரன் பற்றரி போட்டே கட்டிவிட்டான்,
பொதிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்ப வேண்டிய சந்தியில்
தவசீலன் திரும்பவில்லை.
நானும் சொல்லவில்லை.
புத்தளத்து உப்புக் குவியல்கள்
கடந்து போன பிறகுதான் கேட்டார்:
"கோபமா?"
"பெற்றோல் காணுமா?" என்றேன்.

எலுவன்குளத்தில் வாடகை ஜீப்.
பட்டுச்சேலையோடு ஏறினேன்.
சாரதிப் பெடியன் சிரிப்பை விழுங்கினான்.
வில்பத்துக்குள்ளே
வற்றிய வில்லு, வெடித்த சேறு,
அதில் யாரோ நடந்து போன பெரிய கால்கள்.
குதிரைமலை விளிம்பில்
துருப்பிடித்த நிலம்,
அடுத்த அடியில் கடல்.

பாலைமரத்தில் ஒரு கரடி
எங்களைக் கவனிக்காமல் தின்றுகொண்டிருந்தது.
பாலை என்றால் பிரிவு என்று
பத்தாம் வகுப்பில் பாடமாக்கியவள் நான்.

வெளியே வந்ததும்
கடதாசிச் சுருளில் பாலைப்பழம் வாங்கினார்.
பிசின். உதடு ஒட்டிக்கொண்டது.
இருபத்தொரு வருடத்தில் முதல்முறை
கொழும்பு வரும்வரை
ஒருவரையொருவர் திருத்தாமல் வந்தோம்.

மச்சாளுக்கு "கார் பிழைச்சிட்டுது" என்றாயிற்று.
குழாய்த் தண்ணீரில் சிவப்பு கரைந்து
கடற்கரைப் பக்கம் ஓடுகிறது.
பின்சீட்டில் கடிகாரம்
இன்னும் பிரிக்காமல், டிக் டிக்.
கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும்.
வழி தெரியும்.
அந்தச் சந்திதான்.