சேர்த்தி எண்

பதினாறில் தொடங்குகிறது.
பிறகு பதினெட்டு, பதினான்கு, இருபத்தொன்று.
இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினேன்:
16181421…
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள் கொழுந்து,
நாளுக்கு இரண்டு இலக்கம்,
அப்பியாசக் கொப்பியில் இருபது வரிக்கு
ஒரே ஒரு எண்.

வேலைநிறுத்தம். மஸ்கெலியாவுக்கு மேலே
நாலாம் நம்பர் மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது.
எனக்கு வேறு வேலை இல்லை.

பனி கொட்டிய மாதத்தில்
பத்து நிறுத்த நாட்களுக்கு அரைப்பேர் போட்டார்கள்.
முழு எண்களை எனக்குப் பிடித்துப்போனது
அநேகமாக அப்போதிலிருந்து.

கடைசி நாள் இருபத்துமூன்று;
ஆகவே இரண்டு இல்லை, ஐந்து இல்லை.
தொண்ணூற்றொன்பதால் வகுக்க
நாட்களை நாட்களாகவே கூட்டினால் போதும்:
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது கிலோ,
மீதி இருபது.
மூன்றும் இல்லை, பதினொன்றும் இல்லை.
நூற்றொன்றுக்கு
ஒரு நாளைக் கூட்டி மறுநாளைக் கழிக்க வேண்டும்,
கடைக் கடன் கொப்பி மாதிரி.
அதுவும் மீதி வைத்தது.

முதன்மை எண்ணாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.
யாரும் பங்கு போட முடியாத ஒன்று
என் பேரில் இருக்கட்டும் என்று.

தம்பி சுரேன்ராஜின் கீறல் விழுந்த போனில்
இரண்டு, இரண்டு, இரண்டு என்று
அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான தடவை பெருக்கி
அந்த எண்ணாலேயே வகுக்கச் சொன்னேன்.
முதன்மை என்றால் மீதி ஒன்று வந்தே ஆகவேண்டும்.
குறுக்குவழி தெரிந்த போன்
நான் மூச்சு விடுமுன் சொன்னது:
ஒன்று இல்லை.
ஐந்நூற்றுச் சொச்சம் இலக்கத்தில் வேறு ஏதோ.

ஆக, சேர்த்தி எண். சந்தேகமே இல்லை.
எதுவும் எதுவும் சேர்ந்தது என்று மட்டும்
அது சொல்லவில்லை.

பிரட்டுக்களத்திலும் அந்த வாரம் அப்படித்தான்.
உடையும் என்று எல்லோருக்கும் தெரியும்.
எந்த இடத்தில் என்று
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து நாள் போன் தேடியது.
சார்ஜரில் சூடேறி, தலையணைக்கடியில் முனகி,
நூறு கோடி தாண்டி, ஆயிரம் கோடி தாண்டி.
ஒரு காரணியும் வாய் திறக்கவில்லை.

பதினோராம் நாள்தான் கழிவு ஞாபகம் வந்தது.
ஈரத்துக்கும் சாக்குக்குமென்று
நாளுக்கு இரண்டு கிலோ.
அதையும் ஒட்டி எழுதினேன்:
020202… கடைசிவரை 02.

போனே தேவைப்படவில்லை, பென்சிலில் உடைந்தது.
இரண்டு. நூற்றொன்று.
நாட்கள் நாலின் மடங்கு என்பதால் பத்தாயிரத்தொன்று,
அதைப் பிரித்தால்
எழுபத்துமூன்று, நூற்றுமுப்பத்தேழு.

செக்ரோலில் என் இலக்கம் நூற்றுமுப்பத்தேழு.

எழுபத்துமூன்று பக்கத்து லயத்துப் பாக்கியமேரி.
ஓடிப்போய்ச் சொன்னேன்.
அரிசி கழுவிக்கொண்டே கேட்டாள்:
"நம்ம நம்பர் அதுக்குள்ள இருந்தா
காசு நமக்கு வருமா?"

கழிவைத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தேன்.
கடைசி நாள் இருபத்தைந்து ஆனது.
பார்த்த மாத்திரத்தில் ஐந்தால் வகுபட்டது,
மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.
பேரேட்டில் இருக்கும் எண்தான்
இன்னும் பிடிகொடுக்கவில்லை.

நேற்றிரவு வேலைநிறுத்தம் உடைந்தது,
ஐம்பது ரூபாவில்.

இன்று இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது நாள்.
அது முதன்மை. ஆகவே
கழிவின் காரணிகளில் இன்று நான் இல்லை.
இருநூற்றுத் தொண்ணூற்றாறில் திரும்பி வருவேன்.

தராசு முள் இருபதில் நின்றது.
கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று எழுதினார்.
கையெழுத்து வைத்தேன்.

மாலையில் கொப்பியின் ஓரத்தில் 18ஐ ஒட்டினேன்.
பத்து நாள் தேடியது அத்தோடு வீண்.
புதிய எண் இரட்டை; இரண்டாக உடைகிறது.

அந்தப் பாதியைப் பற்றி
இன்னும் எதுவும் தெரியாது.