கறை நீக்கி

முதல் முறை அரைக் குப்பிதான் கேட்டார்.
கோட்டில் மெழுகு சிந்திவிட்டதாம்.
அடுத்த வாரம் இரண்டு குப்பி.
அதற்கடுத்து ஒரு தகர டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்து நின்றார்
வண்டிப் பட்டறை பொஹுமில்.

“எத்தனை கோட்டு வைத்திருக்கிறீர்கள்?”

காது மட்டும் சிவந்தது.
மருந்துக்கடைப் பேரேட்டில்
‘பென்சின், கறை நீக்க’ என்று எழுதி
தேதி போட்டேன்: 1887, மார்ச், செவ்வாய்.

சாஸாவா ஆறு வளைகிற இடத்தில் எங்கள் ஊர்.
இங்கே ரகசியத்தின் ஆயுள்
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஆறும் வரை.
நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

அறுவடை வண்டிக்கென்று எடுத்து வைத்த ஆஷ் மரம்,
ஆவியில் வேகவைத்து வளைத்திருந்தார்.
இரும்புப் பட்டை அடித்த சக்கரங்கள்
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
விழாமலிருக்க, பக்கத்துக்கொன்றாய்க் குட்டிச் சக்கரம்,
நடை பழகும் பிள்ளைக்கு நீட்டிய விரல் மாதிரி.
குதிரை இல்லை.
குதிரையைக் கட்ட இடமும் விடவில்லை.
நடுவில், தையல் மெஷின் அளவில் ஓர் எஞ்சின்;
அதன் கழுத்தருகே அணையாமல் எரியும் ஒரு சுடர்;
சுடருக்கு நேர் மேலே
சேணம்.

“யோசித்துத்தான் வைத்தீர்களா?”
“வேறெங்கே உட்கார்வது, ஹெட்விகா?”

மைத்துனர் ஹினெக் கொல்லர். உலையிலிருந்தபடியே கத்தினார்:
“இரும்பில் செய் என்றேன், கேட்டானா?”
பொஹுமில் மரத்தைத் தடவினார்.
“இரும்பு உதறலை அப்படியே முதுகெலும்புக்கு அனுப்பிவிடும்.
மரம் பாதியைத் தானே தின்றுவிடும்.”
“தின்னட்டும். மரத்தைத் தின்ன நெருப்பு இருக்கிறது.”

வெள்ளிக்கிழமை, விடியுமுன், யாரும் பார்க்காமல்
நூற்றிருபது அடி ஓடியது.
கடை திறக்கும்போது
கருகிய தோலும் குதிரைமயிரும் மணக்க
வாசலில் நின்றார்.
நாற்காலியைக் காட்டினேன். வேண்டாமென்றார்.
எங்கே சுட்டது என்று நான் கேட்கவில்லை.
ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிநீரும்
சம அளவு கலந்து குலுக்கிக் கொடுத்தேன்.
மூன்று வாரம், நாளுக்கு இருமுறை.

மூன்று வாரமும் நின்றுகொண்டே வேலை செய்தார்.
சேணத்தை ஒரு சாண் உயர்த்தி
அடியில் தகரம் அடித்தார்.
சரிதானா என்று பார்க்க ஆளில்லை;
அவரால் உட்கார முடியாது.
ஹினெக் ஏறினால் மரம் முனகியது.
அவரும் இறங்கி,
“இரும்பு வரட்டும், ஏறுகிறேன்” என்றார்.

நான் கடையைச் சாத்தினேன்.
பாவாடையை முழங்காலுக்கு மேல் முடிந்தேன்.

குன்றிமணி எடை பார்த்து மருந்து நிறுக்கும் கைகள் இவை.
அன்று
எத்தனை கைகள் என்றே எனக்குத் தெரியவில்லை.
பல் அடித்தது. மோதிரம் அடித்தது.
வாத்துகள் இரண்டாய்ப் பிரிந்தன.
நோட்டரி தொப்பியைக் கழற்றினார்,
வணக்கத்துக்கா, செபத்துக்கா, தெரியாது.
பின்னால் கால் அகட்டி ஓடிவந்துகொண்டிருந்தார் பொஹுமில்,
கையில் ஒரு வாளித் தண்ணீரோடு,
பாதியை ரோட்டுக்கு ஊற்றியபடி.

பாலத்தில் நின்றுவிட்டது.
வளைத்த மரத்துக்குத் தன் பழைய நேர்மை நினைவு வந்திருக்க வேண்டும்:
மூட்டு விரல் அகலம் பிளந்து
போல்ட் ஒன்று ஆற்றில் விழுந்தது.

“எப்படி இருந்தது?” மூச்சு வாங்கக் கேட்டார்.
என் தாடை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
“பாதியை மரம் தின்றது உண்மை.
மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.”

சிரிக்கவில்லை.
பிளந்த மூட்டுக்குள் சுண்டுவிரலை விட்டு
ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடையில் ஹினெக் இரும்புக் குழாய் கொண்டுவந்தார்.
அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, பிறகு பேசினார்கள்;
அது அவர்கள் பாடு.

பேரேட்டில் இன்னும் இருக்கிறது:
பென்சின், நான்கு டப்பா, கறை நீக்க.
தீப்புண் எண்ணெய், ஒரு புட்டி.
பாக்கி.

என் பாவாடையில் உள்ளங்கை அளவு
எஞ்சின் எண்ணெய்.
பென்சின் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.
முழு மனதோடு என்று சொல்ல முடியாது.