தாண்டிக்குடிப் பற்று

பாதரசம் ஒன்பது பலம், ஆட்டுத்தோல் பையில்,
நாகப்பட்டினத்தில் பறங்கிக் கப்பல் இறக்கியது.
கந்தகம் ஒரு வீசை.
வெங்காரம், வீரம், லிங்கக் கட்டி.
எல்லாம் கூத்தப் பண்டிதர் பேரில் பற்று.

ஐயம்பாளையத்தில் பொதி ஏற்றினால்
இரண்டாம் நாள் உச்சிக்குத் தாண்டிக்குடி.
அட்டை கடித்த மாட்டுக்கு உப்புத் தேய்த்தபடி நினைப்பேன்,
இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும்.

கேட்டால் சிரிப்பார்.
"ரசத்தைக் கட்டியதும் கடனைக் கட்டுகிறேன், செட்டி."

ரசம் கட்டவில்லை.
ஐப்பசி மூட்டத்தில் வறட்டி நமுத்து
புடம் புகைந்ததே தவிர எரியவில்லை.
ஒருநாள் சீலைமண் பிளந்து குப்பி வெடித்தது.
கூரை போயிற்று, புருவமும்.
உருண்டோடிய மணிகளை மண்டியிட்டு
வெற்றிலையால் கூட்டினார்
ஒரு பொட்டு விடாமல்.

பாளையக்காரர் ஆள் அனுப்பினார்,
செம்பு பொன்னாயிற்றா என்று.
"காய்ச்சல் கேட்கிறதா என்றல்லவா பார்க்கிறேன்" என்றார் இவர்.
அந்தத் தையோடு படியரிசி நின்றது.

கிழங்கு கொண்டுவரும் பளிச்சி கொடும்பி
அவருக்கு வைத்த பெயர் கல்தின்னி.
பொய்யில்லை. எந்தப் பொடியும் முதலில் அவர் நாக்கில்,
ஓர் அரிசியெடை, பிறகு இரண்டரிசி.
ஈறு கறுத்தது. எச்சில் நிற்காமல் ஒழுகியது.
எழுத்தாணி எடுத்தால் ஓலை கிழிந்தது.

எனக்கும் வந்தது முறைக்காய்ச்சல்,
ஒருநாள் விட்டு ஒருநாள்.
பதினோரு நாள் அவர் வீட்டில் கிடந்தேன்.
ரசத்தைப் புகட்டிவிடுவார் என்று வாயை இறுக்கினேன்.
"உனக்கில்லையடா. அது இன்னும் தேறவில்லை."
கொடும்பியின் கசப்பு வேரைக் காய்ச்சி ஊற்றினார்.
அதற்கு அவர் கணக்கு எழுதவில்லை.
நானும் கழிக்கவில்லை.

பங்குனியில் ஏறியபோது
அவரைப் புதைத்து நாலு நாள்.
பாளையக்காரர் ஆட்கள் அடுப்படியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு பானை. வாயில் சீலைமண்.
கடப்பாரையால் உடைத்தார்கள்.

பல்.
பதினேழு பல்.
ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஓலை நறுக்கு:
மருந்து, எடை, நாள்,
கீழே "இந்த அளவு ஆகாது."
கடைசி நறுக்கில் எழுத்தில்லை,
எழுத்தாணி வழுக்கிய கோடு மட்டும்.

ஆட்கள் காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.
சாம்பலைக் கிளறிப் பொறுக்கினேன்.
வெறும் தோல்பை இருந்தது, அதில் போட்டுக் கட்டினேன்.

"கீழே இதை யார் வாங்குவார்?" என்றாள் கொடும்பி.

இறக்கம் முழுக்க
மாட்டின் முதுகில் கலகலத்தது.