டாங்கி நிரம்ப முதல்

முதலில் மோட்டரைத்தான் பழகினேன்.
காரைதீவிலிருந்து வந்த தவராசா அண்ணன்
மூடியைக் கழற்றிக் காட்டினார்.
காற்றுப் பிடித்தால் சிரட்டையால் தண்ணீர் ஊற்ற வேண்டும்,
கொப்பளித்து அடங்கும் வரை பொறுக்க வேண்டும்,
பிறகுதான் சுவிட்ச்.
“அவர் வீட்டில இல்லையா தங்கச்சி?”
“இருக்கிறார்” என்றேன்.
இருக்கும்போதுதானே பழக வேண்டும்.

மறுகா காஸ் சிலிண்டர்.
மறுகா மழைக்கு டக்கென்று விழும் ட்ரிப் சுவிட்ச்.
கதிரை வைத்து ஏறி, கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன்.
வெளிச்சம் வந்தது.
இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம்
அங்கேயே நின்றேன்.

கல்முனையில் போட்டோ கொப்பி.
மகளின் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே வீட்டு உறுதி,
அதற்கும் கீழே காவின்.
கடைப் பையன் ஒன்றையும் வாசிக்கவில்லை.
நான்தான் வாசித்தேன், பதினான்கு வருடத்தில் முதல் தடவை.
மஹர் ஐயாயிரத்து ஒரு ரூபாய்.
வாப்பாவின் கையெழுத்து. மச்சானின் கையெழுத்து.
சாட்சிகள் இரண்டு பேர், ஒருவர் மௌத்து.
என் கையெழுத்தைத் தேடினேன்.
அதற்கென்று ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.

மிஸ்ரியா கேட்டாள், அடிக்கிறாரா?
இல்லை.
செலவு?
மாதம் பிந்தாது.
வேறு யாரும்?
இல்லை, இல்லை.
மறுகா காதியாரிடம் என்னத்தைச் சொல்லப் போறாய்?

என்னத்தைச் சொல்ல.
நான் அறைக்குள் வந்தால்
அவர் டீவியின் சத்தத்தைக் கூட்டுவார்.
ஒரு புள்ளிதான் கூட்டுவார்.
அதற்கு எந்தச் சாட்சியைக் கூட்டிப் போவது?

கீழ் வீடு உம்மா எனக்கு எழுதித் தந்தது.
மேல் தட்டு அவருடைய கத்தார்.
தூணுக்கு ஒரு றமழான்,
ஒன்பது தூண்.
சுவர் இன்னும் பூசவில்லை,
கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்தபடி.
விட்டுப் போனால் மாப்பிள்ளைதான் வெளியே போவார்,
எங்கள் ஊரில் அப்படித்தான்.
பெட்டியோடு வந்தவர் பெட்டியோடு போவார்.
மேல் தட்டைப் பெட்டிக்குள் மடிக்க ஏலாது.
இதை நினைத்த இரவுகளில்
அவருக்காக நான்தான் அழுதேன்.
அவருக்குத் தெரியாது.

மஹரைத் திருப்பிக் கொடுத்துக் கேட்கிற வழியும் இருக்காம்.
ஐந்து ஆயிரம் ரூபாய்த் தாள்,
சம்பளத்தில் மாதம் ஒன்றாக
அரிசி வாளிக்கு அடியில் சேர்த்தேன்.
அந்த ஒரு ரூபாய்தான் கிடைக்கவில்லை.
இப்போது யார் ஒரு ரூபாய்க் குத்தி புழங்குகிறார்கள்?
மகளின் உண்டியலைக் கவிழ்த்து எடுத்தேன்.
அவளுக்குப் பத்து ரூபாய் போட்டேன்.
அப்படியும் கை கூசியது.

வசனத்தையும் பழகினேன்.
சாய்ந்தமருதில் பஸ் ஏறும்போது “நான்” என்று தொடங்கும்.
நிந்தவூர் தாண்ட “நாங்க” என்று மாறும்.
ஒலுவில் வளைவில் ஒரு மன்னிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும்,
அட்டாளைச்சேனையில் அதைக் கழற்றி எறிவேன்.
அக்கரைப்பற்றில் இறங்கும்போது
“ஒரு விஷயம் மச்சான்” மட்டும்தான் மிச்சம் இருக்கும்.
மீதியை அடுத்த நாள் திரும்பவும் முதலிலிருந்து.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.
ஜும்ஆ முடிந்து வந்து கால் கழுவப் போனவர்
பைப்பைத் திறந்தார். காற்றுத்தான் இருமியது.
அவர் சாரனை மடித்துக் கட்டுவதற்குள்
நான் மூடியைக் கழற்றி விட்டேன்.
சிரட்டை. கொப்பளிப்பு. பொறுத்தேன்.
சுவிட்ச்.

“ஆரு காட்டித் தந்த?”
“தவராசா அண்ணன்.”
“எதுக்கு? நான் இரிக்கன்தானே.”

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.
வீட்டுக்குள் டீவி ஓடவில்லை.
சுவருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது,
பூசாத அந்தத் தட்டையும் தாண்டி.
டாங்கி நிரம்ப இருபது நிமிஷம்.
வழிந்தால் பக்கத்து வீட்டு ராத்தா குரல் கொடுப்பா,
யாராவது ஓட வேண்டி வரும்,
பேச்சு அங்கே முறிந்து போகும்.

சிரட்டையைக் கீழே வைத்தேன்.
ஈரக் கையைத் துடைக்கவில்லை.

“ஒரு விஷயம் மச்சான்.”